பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்

எனக்கு ஓய்வு கொடுப்பதை அரசாங்கம் இரண்டு தடவை தள்ளிப்போட்டது. வேலையில் சேர்ந்தபோது 58 வயதுவரை என்றார்கள். 2020 மே மாதம், கொரோனா நடுவில், அதை 59 ஆக்கினார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் 60. "உன்னை அனுப்ப அவங்களுக்கு மனசே வரல போ" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஒருவழியாக 2022 ஜூலைக் கடைசியில் சந்தன மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவளுக்கு அது போதும்.

அதே ஜூலையில்தான் கொழும்பில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, பால்மா இல்லை, காஸ் இல்லை. அந்த நாட்டுக்கு நான் போவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையைத் தாண்டி நான் அதிகமாகப் போனது மாற்றல் உத்தரவு வந்தால்தான். அதுவும் ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று பழைய சேலம் ஜில்லா வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

எங்கள் தெருவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் லீ பஜார். வெல்லம், மஞ்சள், பருப்பு என்று விடிகாலையிலேயே மூட்டை இறங்கும். இன்னொரு பக்கம் சந்து சந்தாக வெள்ளிப் பட்டறைகள். கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் ஊதுகுழல் சத்தத்தில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அப்பா ஒரு மண்டியில் கணக்கு எழுதினார். அந்தக் காலத்துப் பேரேடுகளில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, ரூபாய்க்கு ௹, 'மேற்படி'க்கு ௸ என்று குறிகள் இருக்கும். புள்ளி வைக்கமாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று வாக்கியத்தைப் பார்த்து நாமே தீர்மானிக்க வேண்டும். எனக்குப் பள்ளிக்கூட எழுத்து வருவதற்கு முன்பே அந்த எழுத்து வந்துவிட்டது. பதிவுத்துறையில் அது ரொம்பக் கைகொடுத்தது. 2000-க்குப் பிறகு கணினி வந்துவிட்டாலும், பழைய வில்லங்கம் தேட வேண்டுமானால் பழைய வால்யூமைத்தானே புரட்ட வேண்டும்? மூன்று தலைமுறைக்கு முந்திய கிரயப் பத்திரம் ஒன்றில் பாகப் பிரிவினைத் தகராறு என்றால், "அந்தம்மாவைக் கூப்பிடு" என்பார்கள். அது ஒரு திறமை என்று நான் நினைத்ததே இல்லை. ஓய்வு பெறும்போது அதுவும் ஓய்வு பெற்றுவிடும் என்றுதான் இருந்தேன்.

நாங்கள் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். 1827-ல் லண்டன் மிஷனரி சொசைட்டியின் ஹென்றி கிரிஸ்ப் சேலத்துக்கு வந்தார். சில ஆண்டுகளிலேயே இறந்தும் போனார். அவருக்குப் பின் வந்தவர்களில் ஜெர்மன்காரரான லெக்லர் இங்கேயே கிடந்து, தச்சு வேலையும் கொல்லு வேலையும் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் வைத்து, 1861-ல் மறைந்தார். இந்தக் கதைகளைப் பாட்டி சொல்லிச் சொல்லி எனக்குள் ஒன்று படிந்திருந்தது: மிஷனரி என்றால் கப்பலில் வருகிறவர். நாம் இருக்கும் இடத்துக்கு அவர் வருவார். நாம் எங்கும் போவதில்லை.

எங்கள் சபைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசியவர் அதை மாற்றினார். ஓய்வு பெற்ற கிறிஸ்தவர்களைச் சேர்த்து வெளிநாட்டுத் தமிழ்ச் சபைகளுக்கு அனுப்பும் ஒரு சிறு குழு. பெரிய அமைப்பு எதுவும் இல்லை. அவரவர் பயணச் செலவு அவரவர் ஓய்வூதியத்தில். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதிது. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அந்த வெட்கத்தோடு திரும்பியவர் மறு வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் மற்றவர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். பிற்பாடு 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். ஆக, நமக்கு இதைக் கற்றுக்கொடுத்தது இலங்கைத் தமிழர்கள். கடன் நம் பக்கம் இருக்கிறது என்று முடித்தார்.

கடன் என்று சொன்னால் எனக்குக் காது கொஞ்சம் தீட்டிக்கொள்ளும். அடமானப் பத்திரங்களோடு வாழ்ந்தவள் இல்லையா!

தெருவில் சொன்னபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். எதிர்வீட்டுப் பட்டறைக்காரர், "ஏனுங்கக்கா, வெள்ளைக்காரன் வந்து நம்மளுக்குச் சொன்னது போதாதுன்னு நீங்க போயி அவங்களுக்குச் சொல்லப் போறீங்களா?" என்றார். என் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருவேன் என்று சொன்னது என்னவாயிற்று என்று கேட்டாள். வீட்டுக்காரர் மட்டும், "போய்ட்டு வா. ரேஷன் கடை, கரண்டு பில்லு, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் அதற்கு முன் ரேஷன் கடைப் பக்கம் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

குழுவில் ஒரு அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் இருந்தார், ஒரு ரயில்வே எலெக்ட்ரீஷியன், ஒரு தலைமையாசிரியர், பிறகு நான். எல்லாரும் ஓய்வூதியர்கள், எல்லார் பையிலும் பிரஷர் மாத்திரை. இலங்கை மலையகத்துச் சபை ஒன்றின் அழைப்புக் கடிதமும் அதற்குரிய விசாவும் கிடைக்க மாதங்கள் ஆயின. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்கிற குறுக்குவழி வேண்டவே வேண்டாம் என்பதில் நர்ஸம்மா கறாராக இருந்தார். நாமக்கல் வழியாகத் திருச்சிக்குப் பஸ், அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு விமானம். சேலத்திலிருந்து திருச்சி போன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, கடல் தாண்டிவிட்டது. கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயில் ஏறி, ஹட்டனில் இறங்கினோம். ஏப்ரல் மாதத்துச் சேலம் வெயிலிலிருந்து போனவர்களுக்கு அந்த மலைக்குளிர் முதல் ராத்திரியே பல்லைக் கிட்ட வைத்தது.

அந்தச் சபையின் போதகருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒன்பது தேயிலைத் தோட்டங்களில் சிதறிக்கிடந்த குடும்பங்களுக்கு அவர் ஒருவர்தான். மோட்டார் பைக் உண்டு, பெட்ரோல் க்யூ.ஆர். கோட்டில் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைத்தது. ஆகவே ஒரு தோட்டத்துக்குப் போனால் அடுத்ததற்கு நடை.

முதல் ஞாயிறு தலைமையாசிரியர் பிரசங்கம். நல்ல பேச்சாளர், மூன்று தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று உபதலைப்பு. அவர் இரண்டாம் தலைப்பில் இருக்கும்போதே பின்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, தலையில் முக்காடு சரிசெய்து, சத்தமில்லாமல் வெளியே போனார்கள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு போதகர் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை 'கைக்காசு' உண்டு. அன்றைக்குப் பறிக்கிற கொழுந்துக்குக் கிலோ கணக்கில் கையில் காசு. நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று 2021-ல் வர்த்தமானியில் போட்டார்கள். அடுத்த வருஷமே ரூபாயின் மதிப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. குறித்த கிலோ வராவிட்டால் 'அரைப்பேர்' போட்டுவிடுவார்கள், அதாவது பாதிச் சம்பளம். இந்த லட்சணத்தில் கைக்காசை விட்டுவிட்டு யார் மூன்றாம் தலைப்புவரை உட்காருவார்கள்? அந்தப் பெண்கள் ஆராதனைக்கு வந்ததே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது.

இதைச் சொல்லிவிட்டுப் போதகர் கொஞ்சம் தயங்கினார். "ஐயா நல்லாத்தான் பேசுனாங்க. பிரசங்கத்துக்குப் பஞ்சமில்லீங்க. தமிழ்நாட்டுல இருந்து குழு வரும். பேனர் கட்டுவாங்க, பாட்டுப் படிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. எங்களுக்கு வேற ஒரு ஒத்தாசை வேணும்."

ஆலயத்தின் பின்னறையில் ஒரு மர அலமாரி. திறந்ததும் எனக்குத் தெரிந்த வாடை வந்தது. பழைய காகிதம், ஈரம், ராமபாணப் பூச்சி. உள்ளே ஞானஸ்நானப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள், அடக்கப் பதிவேடுகள். சிலவற்றின் அட்டையில் 'தமிழ் கூலி மிஷன்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

அந்தப் பெயர் பார்க்க ஒருமாதிரியாகத்தான் இருக்கிறது. 1854-ல் கண்டிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களுக்காக, தோட்டத் துரைமார் சிலர் கொடுத்த பணத்தில் தொடங்கிய மிஷன் அது. வேலை செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் கடல் கடந்து போய்த் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். அசரியாவுக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே. எங்கள் குழுவில் 'முதன்முதலாக' என்று யாராவது வாயைத் திறந்தால் நான் இந்த உபதேசியார்களைச் சொல்லி மூடிவிடுவேன். 1869-ல் காப்பி இலையில் நோய் விழுந்து, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. சபைகளும் ஆட்களோடு மேலே மேலே நகர்ந்தன. பெயரிலிருந்த 'கூலி' பின்னால் உதிர்ந்தது.

போதகரின் பிரச்சினை இதுதான். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்கள் பேரேட்டில், ஒரு பெயர். அடையாள அட்டையில் இன்னொரு பெயர். வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது. பிறப்புச் சான்றிதழ் பலபேருக்குக் கிடையாது, அல்லது லயம் என்கிற வரிசை வீடு எரிந்தபோதோ மண் சரிந்தபோதோ போய்விட்டது. வேலையில் இருக்கும்வரை இது ஒரு விஷயமே இல்லை. ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் தெரியும். அந்த நிதி 1958-ம் வருஷச் சட்டம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். முப்பது நாற்பது வருஷம் சம்பளத்தில் பிடித்த காசு. ஆனால் செக்ரோலில் இருக்கிற 'லெட்சுமி'யும் அட்டையில் இருக்கிற 'லெச்சுமியம்மா'வும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது? கிராம உத்தியோகத்தர், சமாதான நீதவான், சத்தியக்கடதாசி, உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றில் எங்காவது ஒரு பழைய காகிதம் துணைக்கு வந்தால் கோப்பு நகரும். ஞானஸ்நானப் பதிவேட்டு நகல் அப்படி ஒரு காகிதம். ஆனால் பதிவேட்டைப் படிக்க ஆளில்லை. போதகருக்கு அந்தக் கையெழுத்து புரியவில்லை. அவருக்கு முன்னிருந்தவருக்கும் புரியாமல், அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தார்.

நான் ஒரு வால்யூமை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். ௵, ௴, ௳. அப்பாவின் பேரேட்டைத் திறந்த மாதிரிதான் இருந்தது.

அதன்பிறகு எனக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. காலையில் பிளேன்டீ, ரொட்டி, கட்டச்சம்பல்; பிறகு அலமாரி. முதலில் பூச்சி தட்டி, வெயில் வரும் அரை மணி ஒரு மணியில் பக்கம் பிரித்து உலர்த்தினேன். அடுத்து ஒரு நோட்டில் அகரவரிசைப் பட்டியல்: ஆள் பெயர் வரிசையில் ஒன்று, தோட்டத்தின் பெயர் வரிசையில் ஒன்று. எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு அட்டவணை, சொத்துக்கு ஒரு அட்டவணை உண்டு, அதே முறை. இங்கே சொத்து என்று ஒன்றும் கிடையாது. சொத்து எழுத வேண்டிய இடத்தில் தோட்டமும் டிவிஷனும் லய நம்பரும் வந்தன.

விஷயம் பரவிவிட்டது. பிற்பகல் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஈரப் படங்கோடும் அட்டைக் கடிக்குச் சோப்பு தடவிய காலோடும் பெண்கள் வந்து வாசலில் உட்காருவார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை. "எங்க அம்மா கோயிலுக்கு வந்தவங்கன்னு சொல்லுவாங்க பெரியம்மா, பாருங்களேன்" என்று நெற்றியில் விபூதியோடு வந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் தேடினேன். தேடுவதற்குத் தேதி வேண்டுமே? பதிவுத்துறையில் ஜனங்கள் 'அந்தப் புயலுக்கு முந்தின வருஷம்' என்று சொல்லிப் பழக்கம், இங்கேயும் அப்படித்தான். ஒரு அம்மாவுக்குத் தன் வயது அறுபதா அறுபத்தைந்தா தெரியவில்லை. "கப்பல் ஏறணும்னு பேச்சு வந்திச்சில்ல, அதுக்கு முந்தின வருசம் கைப்புள்ளையா இருந்தேன்னு ஆத்தா சொல்லும்."

கப்பல் பேச்சு என்றால் 1964 அக்டோபர். சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம். 1948-ல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு; மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-ல் அதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் 1963-ம் வருஷ வால்யூமை எடுத்தேன். மூன்றாம் நாள் கிடைத்தாள். செக்ரோலில் மாரியாயி, அட்டையில் மேரி, பதிவேட்டில் மரியம்மாள். தகப்பன் பெயரும் தாய் பெயரும் டிவிஷனும் சரி. அந்த அம்மா பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். படிக்கத் தெரியாது. தாய் பெயர் எந்த இடம் என்று கேட்டார், காட்டினேன். "எங்காத்தா பேரு இம்புட்டு நீளமா?" என்றார்.

அந்தப் பதிவேடுகளில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஓரக்குறிப்புகள். உபதேசியார் சிலர், பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, சொந்த ஊரையும் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார்கள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் நிறைய. நடுநடுவே ராசிபுரம். ஆத்தூர். நாமக்கல் தாலுகா என்று போட்டு ஒரு கிராமம். அந்தக் கிராமத்துப் பத்திரங்களை நான் நாமக்கல்லில் வேலை பார்த்தபோது எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். எந்த சர்வே நம்பருக்கு எது எல்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் அங்கிருந்து கங்காணியோடு கிளம்பிப் போனவர்கள் பெயர் எதுவும் எங்கள் வால்யூம்களில் கிடையாது. நிலம் இருந்தால்தானே பத்திரம்? 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு சாதாரணமில்லை. 1871 கணக்கெடுப்பில் இருந்த ஜனத்தொகை 1881-ல் இல்லை. செத்தவர்கள் போக மீதியில் கொஞ்சம் பேர் இந்த மலைகளில் இருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நான் ஒரு ஜில்லாவின் பதிவேட்டைப் பார்த்து, அதுதான் முழு ஜில்லா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வகைக் குறிப்பும் இருந்தது. சபை அங்கத்தினர் பட்டியலில் சிவப்பு மையில் குடும்பம் குடும்பமாக அடித்து, 'இந்தியா' என்று எழுதியிருந்தார்கள். அறுபதுகளின் கடைசியில் தொடங்கி, எண்பதுகளில் படகு நிற்கும்வரை. சில பக்கங்களில் அடிக்காத பெயர் ஒன்றிரண்டுதான். பாடகர் குழுவில் சுருதி பிடிக்க ஆளில்லாமல் போனது அப்போதுதான் என்று ஒரு முதியவர் சொன்னார். அவர் தம்பி குடும்பம் அந்தச் சிவப்பு மையில் இருந்தது. கோத்தகிரியில் இருப்பதாகக் கடைசிக் கடிதம். நீலகிரியில் அரசாங்கம் டேன்டீ தேயிலைத் தோட்டங்களைத் தாயகம் திரும்பியவர்களுக்காகத்தான் வைத்தது என்பதை நான் சொன்னேன். "அங்கயும் கொழுந்துதானா?" என்று கேட்டார்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். எலெக்ட்ரீஷியன் முதல் வாரத்திலேயே ஆலயத்து வயரிங்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பிறகு தோட்டம் தோட்டமாக அழைப்பு. லயங்களில் ஒரே கம்பியில் ஆறு காம்பராவுக்கு இழுத்திருந்தார்கள். அவர் போகாத ஜெபக்கூட்டம் நிறைய, ஆனால் எங்களில் அதிகமாக ஜெபத்தில் பெயர் சொல்லப்பட்டவர் அவர்தான். நர்ஸம்மா பிரஷரும் சுகரும் பார்த்து, யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்து கொடுக்க அங்கே அவருக்கு உரிமை இல்லை, கொடுக்கவும் இல்லை. தலைமையாசிரியர் கொஞ்ச நாள் மனவருத்தமாக இருந்தார். பிறகு சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அங்கே மூன்றாம் தலைப்புவரை யாரும் எழுந்து போகவில்லை.

குறுகிய காலக் குழுக்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாகிவிட்டது, சொல்லிவிடுகிறேன். பத்து நாள் போய்ப் பத்துச் சபையில் பேசுகிறவர்களை அந்தச் சபைகள் உபசரிக்கின்றன. கோழி அடிக்கிறார்கள், கட்டில் கொடுத்துவிட்டுத் தாங்கள் தரையில் படுக்கிறார்கள். அது ஊழியம் என்றால் ஊழியம் செய்வது அவர்கள்தான். இளைஞர்களைக் குறை சொல்லி என்ன. அவர்களுக்கு லீவு அவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒன்று இருக்கிறது: ஒரு வால்யூமை மூன்று நாள் புரட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

நாங்கள் அங்கே இருந்தபோதுதான் ஒரு நடைபயணம் நடந்தது. மலையகத் தமிழர் வந்து 200 வருஷம், 1823-லிருந்து கணக்கு. 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் முடித்தார்கள். கிறிஸ்தவ மன்றமும் பல மக்கள் அமைப்புகளும் சேர்ந்து எடுத்த காரியம். அந்தக் காலத்தில் காப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் நடந்துபோன வடக்குப் பாதை அதுதான். 1914-ல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பலும் ரயிலும் வருவதற்கு முன்னால், மன்னார்க் காட்டுக்குள் தண்ணீர் இல்லாமலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நானும் நர்ஸம்மாவும் போதகரோடு மாத்தளைக்குப் போய்க் கடைசிப் பகுதியில் சேர்ந்துகொண்டோம். என் முழங்கால் அவ்வளவுக்குத்தான் உத்தரவு கொடுத்தது.

தப்பு அடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த அடியை நான் வேறு எங்கும் தேட வேண்டாம். ஆடி மாதம் செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் பண்டிகைக்கு, வண்டி வேடிக்கைக்கு முன்னால், எங்கள் தெரு முனையில் கேட்கிற அதே அடி. ஆகஸ்ட் 12 ஆடி மாதம்தானே! ஊரில் அந்நேரம் கம்பம் நட்டுக் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளி ஆசிரியை அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். அங்கே போதகர், அங்கியோடு, தப்புக்காரர்களுக்குத் தண்ணீர் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மாரியம்மன் கோவில் உண்டு. எங்கள் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்துப் போனவள்தான். நடந்தவர்களில் யார் எந்தக் கோவில் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஜன்னல் சாத்தச் சொன்ன ஆசிரியை மட்டும் நினைவுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலய வாசலில் பை சோதித்த நாட்களும் உண்டு. 2019 ஈஸ்டர் அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் குண்டு வெடித்ததிலிருந்து, பண்டிகை என்றால் போலீஸ் நிற்கும். மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் பலர். இதை மலையகத்தில் யாரும் விவரிக்கமாட்டார்கள். பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போய் உட்காருவார்கள், அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் வேலை நிற்கவில்லை. போதகர் படிக்க முடியாத பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் பெரிதாக்கிப் பார்த்துப் படித்து எழுதி அனுப்புவேன். அங்கே ஒரு இளம்பெண்ணுக்கு, உயர்தரம் முடித்தவள், குறிகளையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அவளே முக்கால்வாசியைப் படித்துவிடுகிறாள். 'இது ராவா காலா பெரியம்மா?' என்று ஒற்றைக் கேள்விதான் வருகிறது. மரியம்மாளின் சத்தியக்கடதாசி முடிந்து, கோப்பு கொழும்புக்குப் போய், ஒரு வருஷம் கழித்துப் பணம் வந்தது. அதில் கூரைத் தகரம் மாற்றியதாகச் சொன்னார்கள். பேத்திக்குக் கொலுசு வாங்க வேண்டும், சேலத்துக் கொலுசு என்ன விலை என்று போதகரைவிட்டுக் கேட்கச் சொன்னார். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் வெள்ளி ரேட்டைச் சொல்லிவிட்டு, "அந்தம்மாவுக்குன்னா கூலி வேணாங்க" என்றார். அவர்தான், நீங்கள் போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டவர்.

அடுத்த குழுவுக்கு ஆள் எடுக்கிற பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பக்கத்துச் சபைகளும் அலமாரியைத் திறந்துவிட்டன. இரண்டில் கரையான், ஒன்றில் மழை. இந்தத் தடவை கையெழுத்து படிப்பவர் இரண்டு பேர், தைத்துக் கட்டத் தெரிந்த பைண்டர் ஒருவர், பிளம்பர் ஒருவர் வேண்டும் என்று போதகர் எழுதியிருக்கிறார். போன வாரம் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் போன் செய்தார். நல்ல மனிதர், முப்பது வருஷம் சபை ஊழியம் செய்தவர். தனக்கு எத்தனை பிரசங்கம் கிடைக்கும் என்று கேட்டார். பழைய கணக்குப் புத்தகம் புள்ளியில்லாமல் எழுதியிருந்தால் படிப்பீர்களா ஐயா என்று நான் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒரு மாதிரிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி வைத்தேன். இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.